பதின்மூன்று கட்சியும் ஒரு சைக்கிள் பிளாக்கும்

புதுவயல்காரர் கேட்டது, 2025 ஆகஸ்ட் 2, மாலை 6.10

தமிழ்நாட்டிலும் கூட்டணி ஆட்சி வரவேண்டும் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். 1996-ல் டெல்லியில் பதின்மூன்று கட்சி சேர்ந்து ஐக்கிய முன்னணி என்று நடத்தினார்களே, என்ன ஆயிற்று? பதினெட்டு மாதத்தில் இரண்டு பிரதமர், அப்புறம் மறுபடி தேர்தல். நம்ம சிவகங்கைத் தொகுதிக்காரர் ப.சிதம்பரமே அதில் நிதியமைச்சர், அவர் இருந்தும் கரைசேரவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஆட்சி நடத்த முடியாது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு 9.40

நான் மறுக்கிறேன். பதின்மூன்று பேர் அடித்துக்கொண்டு அந்த ஆட்சி விழவில்லை. பதினாலாவது ஆள் நாற்காலியைப் பின்னாலிருந்து இழுத்தான், விழுந்தது.

1996 மக்களவையில் பாஜகவுக்கு 161, காங்கிரசுக்கு 140. வாஜ்பாய் மே 16-ல் பதவியேற்று, ஆள் சேராமல் 28-ல் ராஜினாமா செய்தார். ஜூன் 1-ல் தேவகவுடா வந்தார். ஜனதா தளம், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், முலாயம், சந்திரபாபு நாயுடு, அசாம் கண பரிஷத், திமுக, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) என்று எல்லாரையும் கூட்டினாலும் பாதி தேறாது. மிச்சத்துக்குக் காங்கிரஸ், அதுவும் "வெளியிலிருந்து ஆதரவு". மந்திரி பதவி ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பெருந்தன்மை என்று நினைத்தவர்கள் உண்டு. 1997 மார்ச் 30-ல் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார், நவம்பர் 28-ல் இன்னொரு முறை வாங்கினார். ஒரே வருடத்தில் இரண்டு பிரதமர் போனார்கள். இதில் பதின்மூன்று கட்சியின் குற்றம் எங்கே இருக்கிறது?

தமாகாவுக்கு மட்டும் 39 எம்பி இருந்தது அப்போது. சும்மா இல்லை.

ஆகஸ்ட் 2, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அந்தத் தேர்தலை நான் பார்த்தது அச்சகத்துக்குள்ளிருந்து. காரைக்குடியில் செக்காலைப் பக்கம் மாமா ஒரு டிரெடில், அதாவது காலால் மிதிக்கும் அச்சு மெஷின், வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக். தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ். பெரிய சுவரொட்டியெல்லாம் சிவகாசிக்குப் போய்விடும், எங்களுக்குச் சில்லறைதான். எனக்குப் பத்தொன்பது வயது. எழுத்துக் கோப்பதும் மெஷின் மிதிப்பதும் என் வேலை.

பல வருடமாக எங்களிடம் கை பிளாக், அதாவது காங்கிரசின் கைச் சின்னத்தை அச்சடிக்கும் தகடு, ஒன்று தேய்ந்து கிடந்தது. சிதம்பரம் என்றால் கை, அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. நரசிம்ம ராவ் அதிமுகவோடு கூட்டு என்று முடிவெடுத்து, மூப்பனார் வெளியே வந்து, சைக்கிள் சின்னம் கிடைத்தபோது தேர்தல் தலைமேல் நிற்கிறது. மாமா மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு சைக்கிள் பிளாக் செய்து வாங்கினார். துத்தநாகத் தகடு, அடியில் மரக்கட்டை, நாலு மூலையிலும் ஆணி.

சைக்கிளை அச்சடித்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கை, இரட்டை இலை, உதயசூரியன் எல்லாம் பட்டையான சின்னங்கள், மை தடவினால் பதிந்துவிடும். சைக்கிளுக்குச் சக்கரக் கம்பி இருக்கிறதே! இருநூறு தாள் ஓடுவதற்குள் கம்பிகளுக்கு நடுவில் மை அடைத்துக்கொள்ளும். சக்கரம் இரண்டும் தோசைக்கல் மாதிரி கறுப்பாக விழும். நிறுத்து, மண்ணெண்ணெயில் பல் தேய்க்கும் பிரஷை நனைத்துத் தேய், துணியால் ஒற்று, மறுபடி மிதி. ஒரு ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்திருக்கிறேன். வாங்கிப்போக வந்த ஒருவர் தோசைக்கல் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மூப்பனாருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்துட்டியா?" என்றார்.

தலைமைத் தேர்தல் ஆணையராகச் சேஷன் இருந்த காலம் வேறு. அச்சகத்தின் பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு துண்டுத்தாள் வெளியே போகக்கூடாது. மாமா பயந்து, மற்ற எழுத்தைவிட அச்சகத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டார். கட்சிக்காரர்கள் அதற்கும் திட்டினார்கள்.

ஆகஸ்ட் 3, காலை 7.15

தேவகோட்டைத் தம்பி திருத்தியிருக்கிறார், சரிதான். 39 என்பது அதே தேர்தலில் தமாகா வாங்கிய சட்டமன்ற இடங்கள். மக்களவையில் 20. திமுகவுக்கு 17, இந்திய கம்யூனிஸ்டுக்கு 2, மொத்தம் 39-ம் ஒரே பக்கம். அந்த 39-ஐத் தூக்கித் தமாகா தலையில் வைத்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினால் இப்படித்தான்.

(பதினொன்று இல்லை, அதை எழுதியது ஒன்பது நாற்பதுக்கு. சாக்குகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை.)

ஆகஸ்ட் 3, மதியம் 1.30

"ரஜினி சொன்னதால் ஜெயித்தார்கள், இதில் கூட்டணி எங்கே வந்தது?" என்று ஒருவர். ரஜினி குரல் கொடுத்தது உண்மை, அது எடுபட்டதும் உண்மை. சைக்கிளில் பால் கேனோடு அவர் நிற்கும் படத்தைக் கொண்டுவந்து "இதைப் போட்டுக் கொடு" என்று எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? டிரெடிலில் அந்த மாதிரி படம் வராது என்று சொல்லிச் சொல்லி மாமாவுக்கு வாய் வலித்தது. ஆனால் ரஜினி பேச்சு தமிழ்நாட்டு ஓட்டோடு முடிந்தது. டெல்லியில் பதின்மூன்று பேரை உட்காரவைத்துப் பொதுவான செயல்திட்டம் எழுதவைத்தது வேறு வேலை. ஒருங்கிணைப்பாளராக நாயுடு, உள்துறைக்கு இந்திரஜித் குப்தா. மத்திய மந்திரிசபையில் கம்யூனிஸ்ட் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அதே மந்திரிசபையில் நம்ம சிதம்பரம் வரியைக் குறைக்கிறார்! இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்ததற்காகவாவது அந்தக் கூட்டணிக்கு ஒரு மார்க் போடலாம்.

ஆகஸ்ட் 3, இரவு 8.50

அந்த வரி விஷயம். 1997 பிப்ரவரி 28. வருமான வரி 15, 30, 40 என்று இருந்ததை 10, 20, 30 ஆக்கினார். "கனவு பட்ஜெட்" என்று பத்திரிகைகள் எழுதின. செக்காலையில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நான் பார்க்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் "நம்மாளு" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். மாமாவுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே கிடையாது.

அதே வருடம் தானாக முன்வந்து கணக்கில் வராத சொத்தைக் காட்டும் திட்டம். தனி ஆள் 30 சதவீதம் வரி கட்டினால் போதும். டிசம்பர் 31-க்குள் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாய் காட்டினார்கள், அரசுக்குச் சுமார் 10,000 கோடி வரி வந்தது. நகையை 1987 விலைக்கு மதிப்புப் போடலாம் என்று ஒரு சலுகை. அதற்குத் திட்டு வாங்கினார்கள், வாங்கவேண்டியதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். திட்டம் முடிந்த டிசம்பர் 31-ல் ஆட்சி காபந்து சர்க்கார். நவம்பரிலேயே கவிழ்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, காலை 6.40

புதுவயல்காரர்: "பதின்மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சத்தியம் செய்வீர்களா அண்ணே?"

மாட்டேன். ஆனால் பதில் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

எங்கள் அச்சகம் இருந்தது ஒரு பங்கு வீட்டின் வண்டிக் கொட்டகையில். செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐயா கட்டிய வீடு, பிள்ளைகள், பேரன்கள் என்று பிரிந்து பிரிந்து பங்காளிகள் பெருகுவார்கள். வீட்டைப் பிரிக்க முடியாது. முகப்பும், நடுமுற்றம் உள்ள வளவும் எல்லாருக்கும் பொது. ஆளுக்கு ஒரு அறை, அந்த அறையில் அவரவர் பூட்டு. அந்த வீட்டுக்கு ஏழு பங்கு. பெரியவர் ஒருவர்தான் குடியிருந்தார், வாடகை வாங்குவதும் அவர்தான். மூன்று பேர் மெட்ராஸ், ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் பெங்களூர், ஒருவர் மலேசியாவில் ஈப்போ.

1997 ஐப்பசி மழையில் கொட்டகை ஓடு ஒழுகியது. நாலு ரீம் டெமி பேப்பர் நனைந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அதில் அச்சடிக்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஓட்டை மாற்றிக் கொடுங்கள் என்று மாமா பெரியவரிடம் போனார். பெரியவர் எல்லாருக்கும் கடிதம் எழுதினார். கோயம்புத்தூர்க்காரர் செலவு ஜாஸ்தி என்றார், மெட்ராஸ்காரர்களில் இரண்டு பேருக்கு வேறொரு விஷயத்தில் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தும் ஆறு பேர் கடைசியில் சரி என்றார்கள். சண்டை போட்டுக்கொண்டே சரி என்றார்கள், அதுதான் விஷயம். ஈப்போக்காரர் ஒருவர் மட்டும் பதில் போட்டார்: நான் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் என்னைக் கேட்காமல் ஓட்டில் கை வைக்கக்கூடாது. அவர் வந்து பல வருடம் ஆகிறது. பராமரிப்புக்கு ஒரு காசு கொடுத்தவர் இல்லை.

நாங்கள் கொட்டகைக்குள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அச்சடித்தோம். அதே வாரம் டெல்லியில் காங்கிரஸ்காரர்கள் பேசியது அச்சுஅசலாக அந்த ஈப்போ கடிதம்தான்.

ஆகஸ்ட் 4, காலை 9.05

நவம்பரில் என்ன நடந்தது என்று இளையவர் ஒருவர் கேட்டிருக்கிறார். ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. அதில் திமுகவைக் குறைசொல்லியிருந்தது. மந்திரிசபையிலிருந்து திமுகவை வெளியே அனுப்பு என்று காங்கிரஸ் சொன்னது. முரசொலி மாறன், டி.ஆர்.பாலு, டி.ஜி.வெங்கட்ராமன் என்று மூன்று பேர். தேவகவுடாவுக்கு அடுத்து வந்த பிரதமர் குஜ்ரால் முடியாது என்றார். நவம்பர் 28-ல் ஆதரவு வாபஸ், அன்றைக்கே ராஜினாமா. டிசம்பர் 4-ல் மக்களவை கலைந்தது.

பதின்மூன்று கட்சியில் ஒன்றைக் காவு கொடுத்தால் மற்ற பன்னிரண்டும் பதவியில் இருக்கலாம் என்ற நிலை. கொடுக்கவில்லை. தமாகா என்ன கட்சி? ராஜீவ் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்தவர்களின் கட்சி. சிவகங்கைச் சீமையில் அந்தப் படம் இல்லாத காங்கிரஸ் வீடு கிடையாது. அவர்களும் திமுகவோடு நின்றார்கள், 1998 தேர்தலையும் சேர்ந்தே சந்தித்தார்கள். மாமா பரம்பரைக் காங்கிரஸ். அன்றைக்கு ராத்திரி ரேடியோவை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் எழுத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "சரி, பேப்பர் விலை விசாரி. தேர்தல் வருது" என்றார்.

ஆகஸ்ட் 4, இரவு 10.30

பள்ளத்தூர் ஆச்சி எழுதியதைப் படித்தேன். அவர் கேட்பது: பதினாலாவது ஆள்தான் குற்றவாளி என்றால், ஏப்ரலில் உங்கள் தமாகா என்ன செய்தது?

ஆச்சி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் நைசாகத் தாண்டிப்போனது அது.

1997 ஏப்ரல் 11-ல் தேவகவுடா நம்பிக்கை ஓட்டில் தோற்றார். அடுத்த பிரதமர் யார் என்று முன்னணிக்குள் தேடினார்கள். மூப்பனார் பெயர் அடிபட்டது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. கடைசியில் ஐ.கே.குஜ்ரால். கருணாநிதி தடுத்துவிட்டார் என்று தமாகாக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், திமுகக்காரர்கள் இன்றைக்கும் மறுப்பார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை, போனால் இந்தப் பக்கம் வேறு ஊருக்குப் போய்விடும். ஏப்ரல் 21-ல் குஜ்ரால் பதவியேற்றபோது தமாகா மந்திரிசபையில் சேரவில்லை. வெளியிலிருந்து ஆதரவு! கனவு பட்ஜெட் நிறைவேறாமல் தொங்குகிறது, அதைப் போட்டவர் வெளியே நிற்கிறார், நிதித்துறையைப் பிரதமரே வைத்திருக்கிறார். பத்து நாள் கழித்து, மே 1-ல் சிதம்பரம் திரும்பப் போனார், அப்புறம்தான் பட்ஜெட் கரையேறியது.

ஆக, ஈப்போக்காரர் வேலையை நம்ம ஆட்களும் பத்து நாள் பார்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, காலை 6.20

ராத்திரி யோசித்தேன். என் முதல் வாதத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்த முன்னணியின் நோய் ஆரம்பத்திலேயே இருந்தது. பெரிய ஆள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது உட்கார விடவில்லை. வி.பி.சிங் வேண்டாம் என்றார். ஜோதி பாசுவைக் கேட்டார்கள், மார்க்சிஸ்ட் மத்தியக் குழு கூடாது என்றது. அது வரலாற்றுப் பிழை என்று பாசுவே பிற்பாடு சொன்னார். கருணாநிதியைக் கேட்டால் என் உயரம் எனக்குத் தெரியும் என்றார். கடைசியில் தேவகவுடா. பாவம், நல்ல மனிதர். 1996 சுதந்திர தினத்தில் செங்கோட்டையில் இந்தியைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்து வாசித்தார். கூட்டத்தில் கண் அசந்துவிடுகிறார் என்று கேலி செய்தார்கள். ஆனால் அவர் இருந்த பதினோரு மாதத்துக்குள்தான் வங்கதேசத்தோடு கங்கை நீர் ஒப்பந்தம் ஆனது, 1996 டிசம்பரில். கண் அசந்தவர் செய்த வேலை அது.

நான் சொல்ல வருவது, ஆள் பலவீனமாக இருந்தார் என்பதல்ல. 46 எம்பி உள்ள கட்சியின் பிரதமர், 140 எம்பி உள்ள கட்சியின் தயவில் இருந்தார். வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனிடம் எவ்வளவு அதட்டிப் பேச முடியும்?

ஆகஸ்ட் 5, காலை 6.45

இதோடு லாலுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவன ஊழல் வழக்கு முற்றி, 1997 ஜூலையில் ஜனதா தளத்தை உடைத்துத் தனிக்கட்சி தொடங்கினார். இருந்த 46 எம்பியும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அதற்குக் காங்கிரசைக் குறைசொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, மாலை 5.00

காங்கிரசின் பழைய கணக்கையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள். 1979-ல் சரண் சிங்: நாடாளுமன்றத்துக்குள் போவதற்கு முன்பே ஆதரவு போயிற்று. 1990-91 சந்திரசேகர்: ராஜீவ் வீட்டு வாசலில் இரண்டு ஹரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்தார்கள் என்று தகராறு, மார்ச்சில் ராஜினாமா. அதற்கு முன்னால் ஜனவரியில், இங்கே கருணாநிதி ஆட்சியைக் கலைத்ததும் அதே சந்திரசேகர் அரசுதான். அப்புறம் தேவகவுடா, குஜ்ரால். நாலு பேர். நாலு பேரையும் ஏற்றிவிட்டதும் அவர்கள், இறக்கிவிட்டதும் அவர்கள். வி.பி.சிங்கை இறக்கியது பாஜக, அதுவும் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவுதான்.

ஆகஸ்ட் 5, இரவு 9.15

தேவகோட்டைத் தம்பி மறுபடியும் மடக்கிவிட்டார். "வெளியிலிருந்து ஆதரவு என்றாலே கவிழும் என்றால், 2006 திமுக ஆட்சி எப்படி ஐந்து வருடம் ஓடியது? 234-ல் 96 தானே?"

இவருக்கு வேறு வேலை கிடையாதா?

ஆமாம், 96 தான். காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6, யாருக்கும் மந்திரி பதவி கிடையாது. ஜெயலலிதா ஐந்து வருடமும் "மைனாரிட்டி திமுக அரசு" என்றே சொன்னார். பாமகவும் இடதுசாரிகளும் போன பிறகும் விழவில்லை. ஏனென்றால் இங்கே காங்கிரஸ் கையில் திமுகவின் சாவி, டெல்லியில் திமுக கையில் காங்கிரசின் சாவி. இங்கே பூட்டினால் அங்கே பூட்டுவார்கள். 1997-ல் தேவகவுடா கையில் அப்படி ஒன்றும் இல்லை.

ஈப்போக்காரருக்கு இங்கே எதுவும் தேவைப்படவில்லை, அதனால்தான் அவர் அவ்வளவு தைரியமாகக் கடிதம் போட்டார். அவர் மகளுக்கு இந்த வளவில் கல்யாணம் வைக்க வேண்டியிருந்தால் ஓடு மாற்றப் பணம் தந்தியில் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, காலை 11.10

அத்தையிடம் நேற்று போனில் பேசினேன். கொட்டகை ஒழுகிப் பேப்பர் நனைந்தது 1997-ல் இல்லையாம், 1998 ஐப்பசியாம். "உங்க மாமாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணின வருசம்டா அது" என்றார். கண் ஆபரேஷன் 98-தான், அதில் சந்தேகமில்லை.

அப்படியென்றால் நான் ஒரு வருடத்தை நகர்த்திவைத்திருக்கிறேன். குஜ்ரால் விழுந்த வாரம் தார்ப்பாய்க்கு அடியில் அச்சடித்தோம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஈப்போ கடிதம் வந்தது நிஜம், ஓடு ஒழுகியது நிஜம், ஆனால் அப்போது டெல்லியில் வாஜ்பாய் இருந்தார். ரேடியோவை அணைத்துவிட்டு மாமா உட்கார்ந்திருந்தது மட்டும் 97-தான், அதை அத்தையும் ஒத்துக்கொண்டார்.

புதுவயல்காரர் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஆகஸ்ட் 6, இரவு 8.00

சரி, அதற்கப்புறம் நடந்தது. 1998 பிப்ரவரியில் தேர்தல், நடுவில் கோயம்புத்தூர்க் குண்டுவெடிப்பு. 39-ம் ஒரு பக்கம் இருந்த தமிழ்நாட்டில் அதிமுக அணி 30 பிடித்தது. தமாகாவுக்கு 20 போய் 3. அந்த மூன்றில் ஒன்று சிவகங்கை. எங்கள் தோசைக்கல் சக்கரம் அப்போதும் உருண்டது என்று மாமா சொல்லிக்கொள்வார்.

வாஜ்பாய் பதவியேற்பதற்குள் ஜெயலலிதாவின் ஆதரவுக் கடிதம் வருமா வராதா என்று நாடே காத்திருந்தது. பதின்மூன்று மாதம் கழித்து, 1999 ஏப்ரல் 17-ல், ஒரே ஒரு ஓட்டில், 269-க்கு 270, அந்த ஆட்சியும் விழுந்தது. மறுபடி தேர்தல். இந்த முறை தமாகா திமுகவோடும் இல்லை, அதிமுகவோடும் இல்லை, ஓர் இடம்கூட வரவில்லை. சிதம்பரமும் தோற்றார், சிவகங்கையில் காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் ஜெயித்தார். 2001-ல் மூப்பனார் காலமானார், 2002-ல் கட்சி காங்கிரசில் கரைந்தது. சிதம்பரம் அதற்கு முன்பே வெளியேறித் தனிப் பேரவை கண்டு, கடைசியில் கைக்கே திரும்பினார், 2004-ல் நிதியமைச்சர். அந்த ஆட்சியும் இடதுசாரிகளின் வெளி ஆதரவில் நின்றது. 2008-ல் அவர்கள் வாபஸ் வாங்கியும் 275-க்கு 256 என்று பிழைத்தது. பிழைத்த விதம் பற்றிப் பேசினால் விடியும்.

ஆகஸ்ட் 6, இரவு 8.40

கேட்டவருக்கு: ஆமாம், ஆட்சி கவிழ்ந்தால் எங்களுக்கு வேலை. 96, 98, 99 என்று மூன்றரை வருடத்தில் மூன்று மக்களவைத் தேர்தல். டிரெடிலுக்குப் புது ரோலர் வாங்கியதே குஜ்ரால் புண்ணியத்தில்தான். கூட்டணி ஆட்சி நிலைக்க வேண்டும் என்று இங்கே வாதாடிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அது நிலைக்காததால்.

ஆனால் ரோலருக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. 98-ல் ஒரு பிரமுகர் 40,000 பிட் நோட்டீஸ் அடித்து வாங்கினார். பாதிப் பணம் முன்னால், பாதி முடிவு வந்த பிறகு என்று பேச்சு. அவர் ஆள் ஜெயித்தாரா தோற்றாரா, எந்தக் கட்சி என்றெல்லாம் கேட்காதீர்கள். முடிவு வந்த பிறகு மாமா போய் நின்றபோது, "கூட்டணிக் கட்சிக்காரங்க தர வேண்டிய பங்கு அது, அவங்கள்ட்ட கேளுங்க" என்றாராம். அவர்களிடம் போனால், "ஆர்டர் கொடுத்தது யாரு, அவருதானே?" என்றார்களாம். மாமா மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் நடந்தார்.

ஆகஸ்ட் 7, காலை 7.30

புதுவயல்காரர்: "இதைத்தானே அண்ணே நான் முதலிலேயே சொன்னேன்?"

கிட்டத்தட்ட. உங்கள் பேச்சில் "பதின்மூன்று கட்சி" என்பது காரணம். என் பேச்சில், பில்லுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வாங்காததுதான் காரணம். பதின்மூன்று பேரும் எழுதி வாங்கிக்கொண்டார்கள், பொதுச் செயல்திட்டம் என்று அதற்குப் பெயர். காங்கிரஸிடம் எழுதி வாங்க என்ன இருந்தது? இங்கே நாளைக்குக் கூட்டணி ஆட்சி வந்தால், உள்ளே வந்து மந்திரியாக உட்காரட்டும், திட்டையும் சேர்த்து வாங்கட்டும். வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சாவியை ஆட்டுகிற ஏற்பாடு மட்டும் வேண்டாம்.

மாமாவே வாய்ப்பேச்சில் ஆர்டர் எடுத்தவர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நானும் அங்கேதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 7, இரவு 9.50

பள்ளத்தூர் ஆச்சி அந்த சைக்கிள் பிளாக் இப்போது எங்கே என்று கேட்கிறார். பழைய சாமான் சேர்ப்பவர் ஒருவரும் விலை கேட்டிருக்கிறார்.

அச்சகத்தை மூடியபோது எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டோம். பிளாக்குகளை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அத்தை வைத்திருந்தார். போன தீபாவளிக்கு எடுத்துப் பார்த்தேன். கை பிளாக் அப்படியே இருக்கிறது. சைக்கிளில் மரக்கட்டையைக் கறையான் தின்றுவிட்டது, தகடு மட்டும் தனியாக வந்துவிட்டது. பின்சக்கரத்தில் கம்பிகளுக்கு நடுவே காய்ந்த மை இன்னும் இருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், வரவில்லை.

விற்பதாக இல்லை, ஆச்சி. அத்தை அதை ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், ஜாடி ஆடாமல் நிற்கிறதாம்.

ஆகஸ்ட் 7, இரவு 9.55

ஈப்போக்காரரைப் பற்றிக் கேட்டவருக்கு: 2003-ல் நேரில் வந்தார். கொட்டகையின் ஓட்டைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பெரியவரைச் சத்தம் போட்டார்.